வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டைப் பிரித்த கதை

அக்டோபர் மாதத்து மாலை மழையைப் பற்றிச் சுங்கை வேயில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு வானம் கறுத்தால், கொடியில் கிடக்கும் துணியை எடுக்கக்கூட நேரம் இருக்காது. போன ஆண்டு அப்படி ஒரு மாலையில் நாங்கள் துணியோடு சேர்த்து அரிசித் தொட்டியையும், சாமி படங்களையும், அம்மாவின் மெத்தையையும் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு ஓடினோம். வீட்டின் பின்பாதிக்குக் கூரை இல்லை. காலையில் நான்தான் தகரத்தைப் பிரித்துக் கீழே அடுக்கி வைத்திருந்தேன்.

"மழ வரும்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அம்மா. அவருக்கு வயது 74. தோளில் மெத்தையின் ஒரு முனை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். குடியிருந்துகொண்டே பழைய வீட்டைப் பழுது பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். ஓர் ஆண்டும் நான்கு மாதமும் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களில் பலர் இப்போது அதே யோசனையில் இருப்பீர்கள் என்பதால் நல்லதையும் தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மாவின் வீடு

1970-களின் தொடக்கத்தில் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தபோது, தோட்டத்து லயங்களிலிருந்து பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். அம்மாவும் அப்படி வந்தவர்தான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லுகளில் பொருத்தும் வேலை. இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி. அந்தச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டி வாங்கியதுதான் இந்த ஒரு மாடி வரிசை வீடு. ஊரின் பெயர் ஸ்ரீ செத்தியா என்று மாறினாலும், அம்மாவுக்கு இது சுங்கை வேதான். எங்களுக்கும் அப்படித்தான்.

ஆகவே, "வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போவோம்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் எடுபடவில்லை. ஆறு மாதம் வாடகைக்குப் போகலாம் என்றால் அதற்கும் காசு இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு குத்தகையாளர் இரண்டு வாரம் வந்து ஒரு சுவரை உடைத்துப் போட்டுவிட்டு, பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. மிச்சம் இருந்த பணத்தையும் என் சனி, ஞாயிறுகளையும் வைத்து நானே செய்வது என்று முடிவானது. எனக்கு அலுவலக வேலை. கையில் கரணை பிடித்ததே இல்லை.

முதல் வாரத்தில் செய்த தப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள்.

கூடத்துச் சீலிங் தகடுகள் மழைக்கறை பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் சனிக்கிழமையே சுத்தியலால் தட்டி நான்கு தகடுகளை உடைத்து இறக்கினேன். வெள்ளைத் தூசி வீடு முழுக்கப் பறந்தது. அம்மா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு விளக்குமாற்றால் பெருக்கி அள்ளினார். இரண்டு நாள் எல்லாவற்றின் மேலும் அந்தத் தூசி படிந்து கிடந்தது. அதே வீட்டில்தான் சமைத்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம்.

அடுத்த வாரம் மின்கம்பி வேலை பார்க்க ஒரு தம்பி வந்தார். அண்ணாந்து பார்த்தவர் ஏணியில் ஏறவே இல்லை. "அண்ணே, இது பழைய அஸ்பெஸ்டாஸ் மாதிரி இருக்கு. சோதிச்சுப் பார்க்காம நான் துளை போட மாட்டேன்," என்றார். உடைந்த துண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அவர் சொன்னது சரிதான். கிரைசோடைல் எனும் வெள்ளை அஸ்பெஸ்டாஸ்.

அந்தக் காலத்து வீடுகளில் இது சாதாரணம். சிமெண்டோடு அஸ்பெஸ்டாஸ் இழையைக் கலந்தால் தகடு மெல்லியதாக இருந்தாலும் உறுதியாக இருக்கும், தீப்பிடிக்காது, விலையும் குறைவு. சீலிங்கிலும் அலை அலையான கூரைத் தகட்டிலும் போட்டார்கள். நல்ல நிலையில், யாரும் தொடாமல் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைக்கும்போதும், துளையிடும்போதும், தேய்க்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கிளம்பும். நுரையீரலுக்குள் போனவை அங்கேயே தங்கிவிடும். அஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மீசோதெலியோமா எனும் நுரையீரல் உறைப் புற்றுநோய் தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஆஸ்திரேலியாவில் இதை மூன்று அலைகளாகச் சொல்கிறார்கள். முதல் அலை, விட்டனூம் போன்ற சுரங்கங்களில் வேலை செய்தவர்கள். இரண்டாவது, ஆலைகளிலும் கட்டுமானத்திலும் அந்தப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள். மூன்றாவது, விடுமுறை நாள்களில் சொந்த வீட்டைத் தாங்களே உடைத்துப் புதுப்பித்தவர்களும் அப்போது அதே வீட்டில் இருந்த குடும்பத்தாரும். 2003-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அங்கே அஸ்பெஸ்டாஸ் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனால், ஏற்கெனவே வீடுகளில் இருப்பது எங்கும் போய்விடவில்லை. படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவது அலை என்று அவர்கள் எழுதியிருந்தது என் சனிக்கிழமையைத்தான்.

மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் என்பது மிகச் சிறியது என்றார். "பூஜ்யம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்," என்றும் சொன்னார். அதோடுதான் நான் இருந்தாக வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "எனக்கு இன்னும் நாப்பது வருஷம் ஆயுசு இருக்குன்னு அந்த டாக்டர் எழுதிக் குடுப்பாரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருக்கியது அவர் அல்லவா.

மிச்சத் தகடுகளை நான் தொடவில்லை. அந்த வேலை தெரிந்த நிறுவனத்தைக் கூப்பிட்டோம். அம்மாவைக் கிள்ளானில் சித்தி வீட்டில் மூன்று நாள் விட்டேன். வந்தவர்கள் தகட்டை நனைத்து, உடைக்காமல் திருகாணியைக் கழற்றி முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். அஸ்பெஸ்டாஸ் தூசியும் இழையும் நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகளின் பட்டியலில் உள்ளவை. பின்சந்தில் கொட்டிவிட்டு வரும் சாமான் அல்ல. செலவானது உண்மைதான். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பழைய வீடு என்றால், முதல் ஆணியை அடிப்பதற்கு முன்பே சீலிங்கையும் கூரையையும் சோதித்துவிடுங்கள்.

மேலிருந்து கீழே

இரண்டாவது பாடம், வரிசை. முதலில் கூரை. அடுத்தது கறையானும் மரச்சட்டங்களும். அதன்பின் மின்கம்பி, தண்ணீர்க் குழாய். பிறகு பூச்சு, தரை, கடைசியில் சாயம். தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். தரையைப் போட்டுவிட்டுக் கூரையைத் தொட்டால், தரையை இரண்டு முறை போட வேண்டியிருக்கும்.

காலமும் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மழை அதிகம். ஜூன், ஜூலையில் ஓரளவு காய்ச்சல் இருக்கும். நான் வார விடுமுறைகளைப் பார்த்தேனே தவிர நாள்காட்டியைப் பார்க்கவில்லை. கூரையைப் பிரிப்பதென்றால், அன்று மாலைக்குள் திரும்ப மூடக்கூடிய அளவுக்கு மட்டும் பிரியுங்கள். கித்தான் துணியைக் காலையிலேயே கட்டி வையுங்கள், மேகத்தைப் பார்த்த பிறகு அல்ல. மழை நின்றதும் அதன் மடிப்புகளில் தேங்கும் தண்ணீரைத் தட்டி விடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறந்து போக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். சிமெண்டு வாளி, சாயத் தொட்டி, அடுக்கி வைத்த ஓடுகளின் இடுக்கு எல்லாம் அதற்கு வீடுதான்.

குளிர்பதனப் பெட்டிக்கு முன் ஒரு செருப்பு

எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் அம்மா கதவைத் திறப்பார். இல்லாவிட்டால் "சுரீர்னு இழுக்கும்" என்பார். பல ஆண்டுகளாக நாங்கள் அனைவரும் அப்படித்தான் செய்தோம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

அந்த மின்கம்பித் தம்பி சுவரைத் திறந்து பார்த்துவிட்டு, எர்த் கம்பி எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது என்று காட்டினார். பழைய பியூஸ் பெட்டி மட்டும்தான் இருந்தது. கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இல்லை. அந்தக் கருவி, வீட்டுக்குள் போகும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்தில் விழும் கருவி கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். குளியலறைச் சுடுநீர்ச் சாதனத்துக்கு 10 மில்லிஆம்பியரில் விழும் தனிக் கருவி போட்டார். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று பூச்சு வேலைக்குச் சொல்வேன், ஓடு பதிக்கச் சொல்வேன், கதவுக்கும் சாயத்துக்கும் சொல்வேன். மின்சாரத்துக்குச் சொல்ல மாட்டேன். அந்தச் செருப்பு இப்போது வாசலில் கிடக்கிறது.

சாயம் மறைக்காத சுவர்

அடுப்படிப் பின்சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கும். மூன்று மாதத்தில் இரண்டு முறை சுரண்டிச் சாயம் அடித்தேன். இரண்டு முறையும் அப்பளம் போலக் கொப்பளித்து உதிர்ந்தது. மூன்றாவது முறை கடைக்காரர் விலை கூடிய ஒரு சாயத்தை எடுத்து நீட்டியபோதுதான் யோசித்தேன். சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

வெளியே போய்ப் பார்த்தால் விடை கிடந்தது. எப்போதோ யாரோ பின்புறத்தைச் சிமெண்டு போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். வெளித்தரை உள்தரையைவிட உயரமாகிவிட்டது. பக்கத்துக் கால்வாயில் விரிசல் வேறு. மழைத் தண்ணீர் சுவரடியில் தேங்கி, செங்கல் வழியாக ஏறி, உப்பைக் கொண்டுவந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சனிக்கிழமை சங்குலும் உளியுமாக அந்தச் சிமெண்டை உடைத்து மட்டத்தைத் தாழ்த்தினேன். கால்வாயைப் பூசினேன். உள்சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, ஒரு மாதம் சும்மா காயவிட்டேன். பிறகு அடித்த சாயம் இன்றுவரை நிற்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால், கடைக்காரர் காட்டிய சாயத்தைவிடச் செலவு குறைவு. ஈரம் வரும் வழியை அடைக்காமல் சுவருக்கு என்ன பூசினாலும் காசுதான் வீண்.

பழைய வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதும் நிறைய உண்டு. ஜன்னலுக்கு மேலே ஓட்டை ஓட்டையாகக் காற்றுக்கல் இருக்கும். குளிர்சாதனம் மாட்டுகிறோம் என்று முதலில் அதைத்தான் அடைப்பார்கள். பிறகு மின்கட்டணத்தைப் பார்த்துப் புலம்புவார்கள். 1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்கள், குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலாகவும், காற்று தடையின்றிப் போய்வரும் திறப்பு 5 விழுக்காடாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. பத்தடிக்குப் பத்தடி அறை என்றால், 10 சதுர அடி ஜன்னல், 5 சதுர அடி காற்று வழி. புது ஜன்னல் மாற்றும் முன் அளவெடுத்துப் பாருங்கள். எங்கள் முன்னறை நாக்கோ ஜன்னலை அம்மா மாற்றவே விடவில்லை. இப்போது அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது.

சுவரை உடைக்கும் முன்

சாயம், ஓடு, பூச்சு வேறு. சுவரை இடிப்பதும் வீட்டை நீட்டுவதும் வேறு. 1974-ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டப்படி கட்டட வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். எங்கள் பகுதிக்குப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம். கட்டடப் பிரிவு முகப்பில் போய், "நான் இன்னது செய்யப் போகிறேன், என்ன பாரம் வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். பழைய வரிசை வீடுகளில் சில சுவர்கள் வெறும் தடுப்பு, சில கூரையையே தாங்குபவை. பார்த்துச் சொல்லப் பொறியாளர்தான் வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் என்றால் அது உங்கள் சுவர் மட்டும் அல்ல.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அங்கள் இன்னமும் இரவு ஷிப்டு காவல் வேலைக்குப் போகிறவர். அவர் தூங்கும் நேரத்தைக் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டேன். கொத்தும் வேலையெல்லாம் அவர் எழுந்த பிறகுதான். அன்றைக்குக் கூரை இல்லாமல் மழையில் நின்றபோது ஏணியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

ஒரு குவளைத் தண்ணீர்

கடைசியாக ஒன்று. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லித் தர மாட்டார்.

ஒன்பதாவது மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார்கள். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று மருந்தகத்தில் கேட்டபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லையாம். குடித்தால் இரவில் எழ வேண்டும். எழுந்தால் கழிவறைக்குப் போகும் வழியில் ஓட்டுக் கட்டும், பலகையும், மின்கம்பிச் சுருளும் கிடக்கும். "நீ பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து அதெல்லாம் செய்யிற. எடுத்து வைன்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

வீட்டைத் திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடு யாருக்காகவோ, அவரை எட்டு மாதம் தாகத்தோடு படுக்க வைத்திருந்தேன்.

அன்று இரவே எல்லாவற்றையும் முன்வாசல் காடி நிறுத்துமிடத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எந்த நாளானாலும் வேலை முடியும்போது நான்கு விஷயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஓடக்கூடிய ஒரு கழிவறை, தண்ணீர் வரும் ஒரு குழாய், எரியும் ஓர் அடுப்பு, படுக்கையிலிருந்து கழிவறை வரை காலில் எதுவும் தட்டாத ஒரு பாதை, அதில் ஒரு சிறு விளக்கு. இந்த நான்கையும் தர முடியாத வேலை என்றால், அன்றைக்கு வீட்டாரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் தங்கள் சிரமத்தைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பின்பக்கக் கதவுக்கு இன்னும் ஒரு தாழ்ப்பாள் பாக்கி. ஓடுகளில் இரண்டு வரிசை நேராக இல்லை, வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. அம்மா படுக்கப் போகும்முன் சமையலறையில் நின்று ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிறார். அந்தச் சத்தம் எனக்கு என் அறையில் கேட்கும்.